செப்புப் பானை விலைக்கு

...துண்டும்மா, துண்டு! குளிச்சுட்டு மூஞ்சியத் துடைச்சா பியர்க் கடைக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு. போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பக்கத்துல உக்காந்த பாதிரியார் சம்சாரம் ரெண்டு தரம் மூக்க உறிஞ்சிப் பாத்துட்டு, பைபிளத் தூக்கிக்கிட்டு பெஞ்சோட அந்தக் கோடிக்கே போயிட்டா. நான் காலங்காத்தால போட்டுட்டு வந்திருக்கேன்னு நெனச்சுட்டா! நானு! கிறிஸ்மஸுக்கு ஒரு வாய் ஒயின் குடிச்சா ரெண்டு காதும் செவந்து போறவ நானு. எல்லாம் இந்த மனுஷனால. ஊர்ல எல்லார் வீட்லயும் வெந்நீர் டாங்க் இருக்கற அலமாரியில துண்டு காயும், போர்வை காயும். எங்க வீட்ல ட்ரம்முல பார்லி ஊறுது. ராப்பகலா "புளுக்... புளுக்..."னு. வயித்துக் கோளாறு வந்த விருந்தாளிய வீட்ல வெச்சிருக்கற மாதிரி.

அட, ஏன் வாசல்லயே நிக்கற, உள்ள வா. பூட்ஸ அங்க விட்டுட்டு வராத, கையில எடுத்துக்கோ. அந்த நாய் ஒத்த பூட்ஸ மட்டும் தூக்கிட்டுப் போயிடும், ஜோடியா எடுக்கத் தெரியாது அதுக்கு. போன்ல பேரு என்ன சொன்ன... ட்ரூடி. ட்ரூடிதானே? பால்க்ளூத்தாலேர்ந்து இவ்வளவு தூரம் இந்தச் செப்புப் பானைக்காகவா வந்த? உன் வீட்டுக்காரரே வந்திருக்கலாமேம்மா, தூக்க வெக்கக் கனமா இருக்குமே... என்னது? உனக்கா? நீயா காய்ச்சப்போற? ...ஏற்கனவே காய்ச்சிட்டுதான் இருக்கியா! பெரிய பானை வேணும்னு வந்திருக்கியா! அடேயப்பா. பாத்தா ஆட்டு டாக்டர் வீட்டுப் பொண்ணு மாதிரி சாதுவா இருக்க... சரி சரி, சிரிக்காத, நான் ஒண்ணும் தப்பா சொல்லல.

உக்காரு. பானை எங்கயும் ஓடிடாது, பின்னால துணி துவைக்கற ரூம்ல இருக்கு, தேச்சுப் பளபளன்னு வெச்சிருக்கேன். முதல்ல டீ. சீஸ் ரோல் சூடா இருக்கு, எடுத்துக்கோ. வேணாம்னெல்லாம் சொல்லக் கூடாது. இந்த வீட்டுக்கு வந்தவங்க சீஸ் ரோல் சாப்பிடாமப் போனா நான் செத்துட்டேன்னு ஊர்ல பேசிப்பாங்க.

ஏன் விக்கறேன்னு கேக்கற. நான் எங்கம்மா விக்கறேன், அவருதான் விக்கச் சொன்னாரு. எங்க மர்டோ. "நோலீன், நான் ஆத்துக்கு மீன் பிடிக்கப் போறேன், திரும்பி வர்றதுக்குள்ள அது இந்த வீட்ட விட்டுப் போயிருக்கணும்"னு சொல்லிட்டு, விடிஞ்சதும் தூண்டிலத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அது வண்டியில ஏறிப் போறதப் பாக்கற தெம்பு அவருக்கு இல்ல. சொல்ல மாட்டாரு. நாப்பது வருஷமா குடித்தனம் பண்றேன், எனக்குத் தெரியாதா?

அவரு யாருன்னு உனக்குத் தெரியுமா? மெக்ஆஸ்கில்! அந்த மெக்ஆஸ்கில்தான்! ஹோகோனுய் மலையில திருட்டு விஸ்கி காய்ச்சினவங்க. ஸ்காட்லாந்துலேர்ந்து நியூசிலாந்துக்குக் கப்பல் ஏறினப்ப மத்தவங்கல்லாம் கலப்பையும் விதையும் கொண்டுவந்தாங்க, இவங்க குடும்பம் ஒரு செப்புக் குழாய வளைச்சு பாட்டியம்மா பாவாடைக்குள்ள மறைச்சுக் கொண்டுவந்துச்சாம். அப்படித்தான் சொல்லிப்பாங்க. அந்தம்மா உக்காரவே முடியாம அத்தன மாசம் கப்பல்ல நின்னுட்டே வந்துச்சாம். எனக்கு அதுல நம்பிக்கை கெடயாது, ஆனா கல்யாணமாகி வந்த புதுசுல சிரிச்சுட்டேன், இன்னிக்கு வரைக்கும் எங்க நாத்தனாருங்க அத மறக்கல.

போலீசு மலையச் சல்லடை போட்டுத் தேடும். இவங்க கொழந்தைக்கு ஞானஸ்நானம்னு சொல்லி, தொட்டில் வண்டியில கொழந்தைக்கு அடியில சரக்க வெச்சுத் தள்ளிட்டுப் போவாங்க. ஒரே கொழந்தைக்கு நாலு தடவ ஞானஸ்நானம் ஆச்சாம்! அப்படி வந்த குடும்பம். இப்பப் பாரு, கவர்மெண்டே "வீட்ல காய்ச்சிக் குடிச்சுக்கோ, வித்தா மட்டும் உள்ள போடுவேன்"னு சொல்லிடுச்சு. பயம் கெடயாது, ஒளிய வேணாம், கொழந்தைக்குத் தண்ணி தெளிக்க வேணாம். அந்த வம்சத்துலயே முதல் தடவையா பயமில்லாம காய்ச்சற ஆளு எங்க மர்டோதான். அவருக்குத்தான் வரல.

அவங்க அப்பா காலத்துலயே விட்டுப்போச்சு. இவரு காலம்பூரா இறைச்சி ஃபாக்டரியில கெடந்துட்டு போன வருஷம் ரிட்டயர் ஆனாரு. ரிட்டயர் ஆன ஆம்பளையப் பத்தி உனக்கு இன்னும் தெரியாது, தெரிஞ்சுப்ப. முதல் மாசம் என் அலமாரிய ஒழுங்கு பண்றேன்னு மிளகுத்தூள எங்கயோ வெச்சாரு, இன்னும் கெடைக்கல. ரெண்டாவது மாசம் திடீர்னு, "நோலீன், நான் விஸ்கி காய்ச்சப் போறேன்." காய்ச்சுங்களேன், யாரு வேணாம்னா? மிச்ச டப்பாவாவது தப்பிச்சுதுன்னு நெனச்சேன்.

பார்லிய முளைகட்ட வெக்கணுமாம். எங்க வெச்சாரு தெரியுமா? விருந்தாளிங்க படுக்கற கட்டில்ல! கீழ கரண்டு போர்வைய விரிச்சு, சூட்ட நடுவுல வெச்சு, மேல பார்லியப் பரப்பி, ஈரத்துணி போத்தி... எங்க அக்கா சொல்லாம கொள்ளாம கிறைஸ்ட்சர்ச்லேர்ந்து வந்தவ, பயணக் களைப்புல இருட்டுலயே போய் அதுல படுத்துட்டா. காலையில அவ கூந்தல்ல முளை. நீ சிரிக்கற! அவ சிரிக்கல.

அப்புறம் ஊறல். கஞ்சி மாதிரி காய்ச்சி ஆற வெச்சு ஈஸ்ட் போடணும், ஆற வெச்சு! இவருக்குப் பொறுமை ஏது? கொதிக்கக் கொதிக்கப் போட்டுட்டாரு. ஈஸ்ட் வெந்து செத்துப்போச்சு. அது தெரியாம ஒரு வாரம் அலமாரிக் கதவத் தொறந்து தொறந்து அதுகிட்ட பேசிட்டிருந்தாரு. "என்னடா கண்ணு, இன்னிக்காவது?"ங்கறாரு. என்னை அவரு கண்ணுன்னு கூப்பிட்டு எத்தன வருஷம் ஆச்சு! செத்துப்போன ஈஸ்ட்டக் கொஞ்சறாரு.

இன்னொண்ணு எடுத்துக்கோ. அட எடுத்துக்கோ, ஒல்லியா இருக்க.

சரி, எங்க விட்டேன்... ஆங், அப்புறம் கத்துக்கிட்டாருன்னு வெச்சுக்கோ. ஊறல் நல்லா வந்துது, வாடைதான் என் துண்டுலயே இருக்கே! பானைய வாங்கினாரு, அடுப்பு வெச்சாரு, குழாய் மாட்டினாரு. சொட்டு சொட்டா விழ ஆரம்பிச்சப்ப என்னைக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்க் காட்டினாரு. பொய் சொல்ல மாட்டேன், எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துது. அந்த மனுஷன் மூஞ்சி... சின்னப் பையன் மூஞ்சியா மாறிடுச்சும்மா.

உனக்கே தெரியும், நான் என்ன சொல்ல. முதல்ல விழறது தலை, அது நகப்பாலிஷ் வாடை அடிக்கும், கீழ கொட்டிடணும். கடைசியில விழறது வால், நனைஞ்ச நாய் வாடை, அத ஒதுக்கி வெச்சு அடுத்த தடவ காய்ச்சறப்ப சேத்துக்கணும். நடுத்துண்டுதான் விஸ்கி. மீன் ஆயற மாதிரிதானே? நான் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன். ஆனா மீனுக்குக் கண்ணு தெரியும், செதில் தெரியும், எங்க வெட்டறதுன்னு சொல்லவே வேணாம். இதுல எல்லாமே பச்சத்தண்ணி மாதிரிதான் இருக்கு. அதனால கொஞ்சம் கொஞ்சமா தனித்தனி ஜாடியில பிடிக்கணுமாம். யாரு ஜாடி? என் ஜாடி! ஏப்ரிகாட் பழம் போட்டு வெக்கற என் கண்ணாடி ஜாடி! பழம் அங்க கூடையில கனிஞ்சு அழுகிட்டிருக்கு, ஜாடியெல்லாம் இவரு சொட்டு பிடிக்கறாரு!

பிடிச்சதையும் அன்னிக்கே மோந்து பாத்துடக் கூடாதாம். நாள்பூரா ஆவி பட்டு மூக்கு மயங்கிக் கெடக்குமாம், அதுக்கு எது நல்லது எது கெட்டது தெரியாதாம். மேல மெல்லிசு துணிய மூடி, துவைக்கற ரூம் பெஞ்சுல வரிசையா வெச்சுட்டு, தூங்கி எழுந்து மோந்து பாக்கணுமாம். "ஒரு சீட்டு ஒட்டி ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு வைங்களேன்"னு நானே சொன்னேன். அதுக்கு என்னை ஒரு பார்வை பாத்தாரு பாரு! "நோலீன், மெக்ஆஸ்கில் குடும்பத்துல எந்த ஜாடியிலயும் எவனும் ஒரு கோடு கூடப் போட்டதில்ல. எழுதி வெச்சா போலீசுக்குச் சாட்சி. எங்களுக்கு வரிசைதான் கணக்கு, இடதுலேர்ந்து வலது." போலீசு! எந்தப் போலீசு? இந்த ஊர்ல இருக்கறது ஒரே கான்ஸ்டபிள், அவனே போன வாரம் வந்து "மாமா, விஸ்கி எப்ப ரெடி?"னு கேட்டுட்டுப் போறான்!

அப்புறம் என்ன, காலையில எழுந்து போவாரு. முதல் ஜாடி மோந்து பாப்பாரு. ரெண்டாவது. மூணாவது. கோடி வரைக்கும் போவாரு, திரும்பி வருவாரு. எல்லாம் ஒரே வாடை! தலையும் தெரியல, வாலும் தெரியல, நடுவும் தெரியல. எதக் குடிச்சாலும் நகப்பாலிஷும் நனைஞ்ச நாயும் கலந்த மாதிரி. முதல் தடவ, சரி, பழக்கம் இல்லன்னு விட்டாரு. ரெண்டாவது தடவயும் அதேதான். மூணாவது தடவயும் அதேதான்! பாவம், புஸ்தகத்தப் பாக்கறாரு, வீடியோவப் பாக்கறாரு, குழாயக் கழட்டி மாட்டறாரு, அடுப்பக் கொறைக்கறாரு... ஊஹூம்.

இதுல அவங்க அண்ணன் ஒருத்தரு இருக்காரு, ஃபார்கர். வாய்னா வாய். ஈஸ்டருக்கு மெக்ஆஸ்கில் குடும்பம் பூரா ஒரு வீட்ல கூடும், இந்த வருஷம் எங்க வீடு. கூடினா வீட்டுக்காரன் கையால முதல் கிளாஸ் ஊத்தணும், அது அவங்க வழக்கம். ஃபார்கர் வீட்ல கூடினப்பல்லாம் கடையில வாங்கினதுதான். எங்க மர்டோ போன ஈஸ்டர்ல எல்லார் முன்னாலயும் எந்திரிச்சு நின்னு, "அடுத்த வருஷம் நம்ம சொந்தச் சரக்கு, என் கையால"ன்னு சொல்லிட்டாரு. யாரு சொல்லச் சொன்னா? போன மாசம் ஃபார்கர் வந்தாரு. ஒரு வாய் குடிச்சாரு. ஜன்னல் வழியா துப்பிட்டு, "தம்பி, குடும்பக் கை ஒரு தலைமுறையத் தாண்டிப் போறது உண்டுதான். உன்னையும் தாண்டிப் போயிடுச்சு போல"ன்னாரு. என் ரோஜாச் செடி மேலதான் துப்பினாரு, அந்தப் பக்கம் இலை கருகிக் கெடக்கு, போறப்ப காட்டறேன்.

அன்னிக்கு சாயங்காலம் இவரு பின்வாசப் படியில ஒரு ஜாடிய மடியில வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. நான் டீ கொண்டு போனேன். கையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டிருந்தாரு. "ஃபார்கர் சொன்னது சரிதான் நோலீன், இந்தக் கையில இல்ல"ன்னாரு. அழல. அழுதிருந்தாக்கூட சட்டையப் பிடிச்சு ரெண்டு திட்டுத் திட்டி எழுப்பியிருப்பேன். சும்மா அப்படியே உக்காந்திருந்தாரும்மா.

அதுக்கப்புறமும் ஒரு ஊறல் போட்டாரு. அது இன்னும் அலமாரியில இருக்கு, இன்னும் ரெண்டு நாள்ல காய்ச்சற பதம். நேத்து என்னமோ தோணி, "வேணாம், பானைய வித்துடு, ஊறலப் பன்னிக்கு ஊத்திடறேன்"னு சொல்லிட்டாரு. அதான் கதை. நல்ல பானைம்மா, பானை மேல குத்தமே கெடயாது. எடுத்துட்டுப் போ. எனக்கும் நிம்மதி. என் ஜாடி எனக்கு, என் துண்டு எனக்கு. அந்த ரூமு எப்படிக் கெடந்துது தெரியுமா? நான் இல்லேன்னா எலி குடும்பம் நடத்தியிருக்கும்!

எனக்குக் கலீஜா இருந்தா ஆகாதும்மா. நான் செம்மறி ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கற கேங்குக்குச் சமைச்சுப் போட்டவ. ஷெட்டுக்கு ஷெட்டு, இருபது ஆம்பளைங்க. கஸ்டர்டு ஊத்தறப்ப ஒருத்தன் கிண்ணத்துல கால் இஞ்சு ஒசந்துட்டாப் போச்சு, கத்தரிக்கோலத் தூக்கிட்டு வந்துடுவானுங்க. "ஏ நோலீன், அவனுக்கு மட்டும் என்ன?"ம்பானுங்க. அதனால என் கை தராசு மாதிரி. எத ஊத்தினாலும் எல்லாத்துலயும் ஒரே மட்டம். இன்னிக்கும் கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்துடுவேன், அவரு கொறட்டை விட்டுட்டிருப்பாரு.

எழுந்து அந்த ரூமுக்குத் துணி போடப் போனா, அந்தப் பெஞ்சப் பாக்க சகிக்காது! ஒரு ஜாடி தளும்பத் தளும்ப, ஏன்னா அய்யா நாற்காலியிலயே தூங்கிட்டாரு. அடுத்தது அரை. அடுத்தது அடியில ரெண்டு விரக்கடை. ஒண்ணு முக்கா. என் ஜாடிங்க! கண்ண உறுத்துது எனக்கு. அவரு இருக்கற கவலையில இதையெல்லாம் பாக்க மாட்டாரு, பாவம், எழுந்து வர்றப்பவாவது எல்லாம் லட்சணமா இருக்கட்டுமேன்னு, துணிய எடுத்துட்டு, பெரிய குவளை ஒண்ணு வெச்சுக்கிட்டு, இதுலேர்ந்து அதுக்கு, அதுலேர்ந்து இதுக்கு, ஒவ்வொரு தடவயும் எல்லா ஜாடியிலயும் ஒரே மட்டமா ஊத்தி, தொடச்சு, மறுபடி துணி மூடி... ஒரு சொட்டு சிந்தல தெரியுமா! அதுக்கு ஒரு வார்த்தை? ஊஹூம். கண்ணுலயே படாது இவருக்கு. புதுத் திரைச்சீலை மாட்டி மூணு மாசம் கழிச்சு, "என்ன நோலீன், வெளிச்சம் கொறைச்சலா இருக்கு, எனக்குக் கண்ணு போயிடுச்சா"ன்னு கேட்ட மனுஷன் இவரு...

என்னம்மா? ஏ, என்ன ஆச்சு! பொறை ஏறிடுச்சா? தண்ணி குடி, தண்ணி குடி. சீஸ் சூடா இருக்குன்னு சொன்னேன்ல... மூஞ்சி ஏன் அப்படிப் போகுது? என்ன, ஊத்தினேனாவா? ஆமா ஊத்தினேன். எல்லாத்தையும்தான். முதல் ஜாடியும்தான், கடைசி ஜாடியும்தான், எல்லாம் ஒரே பானையிலேர்ந்து வந்ததுதானே, அதுல என்ன...

...

எல்லாம் ஒரே வாடைன்னாரு.

...

இல்ல இல்ல, இரு. நான் சுத்தமான குவளையிலதான்... அது இல்லையா. நான் முதல்ல இருந்ததக் கொண்டுபோய் நடுவுல... வாலக் கொண்டுபோய்...

அய்யோ. ட்ரூடி. மூணு தடவையும்!

அந்த மனுஷன் குழாயக் கழட்டிக் கழட்டி மாட்டினாரே! மீன நான் ஆஞ்ச மாதிரி ஆஞ்சா வீடு வெளங்குமா, தலையும் வாலும் குடலும் ஒரே கொழம்புல நான் போட்டுட்டேன், ருசி ஏன் வரலன்னு அவரு அங்க உக்காந்து யோசிச்சிட்டிருக்காரு! ஃபார்கர் துப்பினது என் சரக்கம்மா! நான் கலக்கினது! நீ சிரிக்காத. சிரிக்காதன்னு சொல்றேன்ல... எனக்கும் சிரிப்பு வருதே, கடவுளே, எனக்கு அழுகையும் வருது, அந்தத் துணிய எடு.

சரி. சரி, ஒண்ணும் ஆகல. பானை விலைக்கு இல்ல. மன்னிச்சுக்கோம்மா, உன்னை இவ்வளவு தூரம் வர வெச்சுட்டேன், ஆனா அது இந்த வாசலத் தாண்டாது. ஊறல் இருக்கு. நாளக் கழிச்சுக் காய்ச்சினா நிறமும் ருசியும் ஏற மரச்சில்லு போட்டு ஊறி ஈஸ்டருக்கு வந்துடும்ல? ...வந்துடும்ங்கற. அப்போ ஒண்ணு பண்றேன். வாயே தொறக்க மாட்டேன். காய்ச்சுங்கன்னு சொல்லிட்டு, அந்த ரூமுப் பக்கமே போகாம இருந்துடறேன். காலையில கட்டில்லயே படுத்துக் கெடக்கறேன், கையக் கட்டிப் போட்டாவது. தானா நல்லா வரும். தனக்குக் கை வந்துடுச்சுன்னு அவரும் சந்தோஷப்படுவாரு. யாருக்கு என்ன நஷ்டம்? நீ பால்க்ளூத்தாக்குப் போயிடுவ. நாய் பேசாது.

...ஏன் அப்படிப் பாக்கற?

தெரியுதும்மா. தெரியுது. இப்ப ஆத்தங்கரையில உக்காந்து அந்தக் கையப் பாத்துட்டிருப்பாரு, இல்ல? சும்மா "இன்னொரு தரம் காய்ச்சுங்க"ன்னா தொடவே மாட்டாரு. உள்ளத உள்ளபடி சொல்லிடறேன், என் மேல கோவப்படட்டும். ரெண்டு நாள் பேசாம இருக்கட்டும், ஒரு வாரம்கூட இருக்கட்டும். அவரு மேல அவரே கோவமா இருக்கறதுக்கு அது எவ்வளவோ தேவல. ஃபார்கர் வரைக்கும் விஷயம் போகும், ஊர்பூரா சிரிக்கும், "நோலீன் மட்டம் பண்ணின விஸ்கி"ன்னு என் சாவு வரைக்கும் சொல்லுவாங்க. சொல்லட்டும்.

அது... அது எங்க வண்டிச் சத்தம்தானே? சைலன்சர் ஓட்டை, எனக்குத் தெரியாதா. இவ்வளவு சீக்கிரமாவா! ட்ரூடி, நீ போகாத. நீ இருந்தா கத்த மாட்டாரு, வெளி ஆளு முன்னால அவரு மரியாதையானவரு. இன்னொரு சீஸ் ரோல் சாப்பிடு. ஏ, எங்க எந்திரிக்கற? பூட்ஸ மாட்டாத! அது... பின்பக்கக் கதவு அது, அடியே! சரி போ, அந்த ஏப்ரிகாட் ஜாம் பாட்டில் ரெண்டு எடுத்துக்கோ, ரோஜாச் செடிய மிதிச்சுடாத, பாதி செடிதான் மிச்சம் இருக்கு!

...என்னங்க, வந்தாச்சா? மீன் கெடச்சுதா? ...இல்லையா. பரவால்ல. இல்ல, அந்தப் பொண்ணு எடுக்கல. ரெண்டு ஜாம் பாட்டிலோடதான் போகுது, பாருங்க. அங்கதான் இருக்கு பானை, அங்கயேதான் இருக்கும். உக்காருங்க. உக்காருங்கன்னா! மர்டோ, உங்க கையில ஒரு கொறையும் இல்ல. கொறையெல்லாம் என் கையில... ம்? சொல்றேன். எல்லாத்தையும் சொல்றேன். முதல்ல அந்தத் தூண்டிலக் கீழ வைங்க.